ஜன்னலைத் திறக்கலாமா, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்தன. பயிற்சி செய்து பெரும்பாலும் தேறிவிட்டார். எட்டு மாதம் கழித்து வலிப்பு தொடங்கியது. விழுந்து வெட்டி இழுக்கும் வலிப்பு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்ப்பார், வலது கை சட்டை நுனியைப் பிசையும், கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் அரை நாள் வரை குழப்பமாக இருப்பார். கார்பமசிபைன் மாத்திரை காலையும் இரவும் எடுக்கிறார். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும், இரத்தம் உறையாமலிருக்க ஒன்றும் உண்டு.

ஓராண்டாக வெளிச்சத்தைக் கண்டால் கூசுகிறது என்கிறார். எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். வலிப்பு வந்த நாளில் கூச்சம் இன்னும் அதிகம். கண்ணாடியை ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்றினோம். கண்புரை ஆரம்பம் என்று சொன்னார்கள். ஆனால் இப்போது சில நாட்களில் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறார், அதில் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

போன மாதம் நள்ளிரவில் தொலைக்காட்சியில் விளையாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. (விருந்தினர் வந்திருந்த பரபரப்பில் இரண்டு இரவு மாத்திரைகள் அட்டையிலேயே இருந்தது மறுநாள்தான் தெரிந்தது.) வெளிச்சம் வலிப்பைத் தூண்டும் என்று படித்தேன். மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளிலும் ஒளியால் பாதிப்பு வரலாம் என்று அச்சிட்டிருந்தது. அன்றிலிருந்து ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டுவிட்டோம், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டோம், வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். நாங்கள் செய்வது சரியா? நீலக் கண்ணாடி வாங்கலாமா? விளக்கை மினுக்கிப் பார்க்கும் சோதனை அவருக்கு ஆபத்தா? அறுவை விளக்கு வலிப்பை வரவழைக்குமோ என்று பயந்து கண்புரை அறுவையையும் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வாக்கியத்தை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பதிலை முழுவதும் படித்த பிறகு திறக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் படித்தவை எதுவும் பொய்யல்ல. மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன, அவ்வளவுதான். தோலுக்கு ஒளி ஆகாமல் போவது ஒன்று. மூளைக்கு ஆகாமல் போவது இன்னொன்று. கண்ணுக்கு ஆகாமல் போவது மூன்றாவது. மூன்றையும் மருத்துவத் தாள்களில் ஏறக்குறைய ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அவற்றை மொழிபெயர்ப்பவர்களும் பிரித்துச் சொல்வதில்லை.

மாத்திரைப் பெட்டித் தாளில் நீங்கள் பார்த்தது தோல் சமாச்சாரம். கார்பமசிபைன் எடுப்பவர்களில் சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் சிவக்கும், தடிக்கும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளில் சிலவும் அதைச் செய்யும். முழுக்கை சட்டையும் தொப்பியும் போதும். வலிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூளை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ள ஒவ்வொரு 100 பேரிலும் சுமார் 3 பேருக்குத்தான் ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரும். மினுக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிச்சம் எவ்வளவு பிரகாசம் என்பதைவிட அது எத்தனை வேகமாக அணைந்து எரிகிறது என்பதுதான் அங்கே முக்கியம். வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மினுக்கினால் ஆபத்து. 15 முதல் 25 வரை என்றால் மிக அதிகம். பின்மண்டையில் பார்வைக்கான பகுதியில் இருக்கும் நரம்புச் செல்கள் அந்தத் தாளத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். இயல்பான மூளை அந்த ஆட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். இந்த மூவருக்கு அடக்கும் சக்தி குறைவு, அதனால் ஆட்டம் பரவி வலிப்பாகிறது. சிவப்பு நிறம் இவர்களுக்கு மிகவும் ஆகாது. அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோடுகளும் சிலருக்கு ஆகாது.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னும் காட்சி சில வினாடிகள் வந்தது. ஏறத்தாழ 700 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் மினுக்கக் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க அந்த மாலை ஒரு முக்கியக் காரணம். இணையப் பக்கங்களுக்கும் இன்று ஒரு வரம்பு உண்டு: எதுவும் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. நிகழ்ச்சிக்கு முன் ‘மின்னும் காட்சிகள் உள்ளன’ என்று எச்சரிக்கை வருகிறதே, அது இந்த மூன்று பேருக்காகப் போடுவது. மற்ற 97 பேரின் குடும்பங்களும் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடுகின்றன.

அப்பா அந்த மூவரில் ஒருவரா? கடிதத்தில் இருப்பதை வைத்துச் சொன்னால், அநேகமாக இல்லை.

ஒளி மினுக்கத்தால் வரும் வலிப்பு சிறுவயதுக் கோளாறு. பெரும்பாலும் 7 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக அது தொடங்குவது மிக அரிது. அப்பா அறுபது ஆண்டுகளுக்கு மேல் சினிமா, தொலைக்காட்சி, மரநிழல் சாலை எல்லாவற்றையும் பார்த்தவர்தானே? வலிப்பு தொடங்கியது பக்கவாதத்துக்குப் பிறகு. வயதானவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்பில் முதல் குற்றவாளி பக்கவாதம்தான். இரத்தம் கிடைக்காமல் செத்த திசுவைச் சுற்றி மூளையில் ஒரு தழும்பு உண்டாகிறது. அந்தத் தழும்பின் ஓரத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறது. பக்கவாதத்தில் தளர்ந்தவை வலது கையும் வலது காலும். இரண்டும் இடது மூளையை நோக்கி விரல் நீட்டுகின்றன. வெறித்துப் பார்ப்பதும், அரை நாள் குழப்பமும் முதியவர்களுக்கு வரும் இத்தகைய வலிப்பின் அச்சு அசலான அடையாளங்கள். (வீட்டில் பலர் அந்தக் குழப்பத்தை மறதி நோய் என்று நினைத்துவிடுவார்கள். நீங்கள் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்.)

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். பதினைந்து வயதில் ஒளி மினுக்கத்தால் வலிப்பு வந்தவருக்கு எழுபதிலும் அந்தக் குணம் இருக்கக்கூடும். பலருக்கு அது முழுதாக மறைவதில்லை. பல ஆண்டுகள் எடுத்த தூக்க மாத்திரையையோ மதுவையோ திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் சில நாட்கள் மூளை இப்படி மினுக்கத்துக்குப் பதில் சொல்லலாம். அப்படிப்பட்டவர்கள் கவனிக்க வேண்டியவை வீட்டிலேயே இருக்கின்றன. மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால், மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும்போது கீழே இருப்பவரின் கண்ணில் வினாடிக்கு 15 முறை நிழல் வெட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆபத்தான எல்லைக்குள் கச்சிதமாக வந்து நிற்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு கம்பி வைத்த பாலத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கவாட்டு வெயில் வினாடிக்குச் சுமார் 17 முறை மினுக்கும். சாகக் கிடக்கும் குழல்விளக்கும் அப்படித்தான். உடனே மாற்றிவிட வேண்டும்.

மினுக்கத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுவதுமாகப் பொத்திக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது. இமை ஒரு மெல்லிய சிவப்புத் திரை. வெளிச்சம் அதன் வழியே பரவி உள்ளே வந்துவிடும். சிலருக்கு இமை மூடும் அந்தக் கணமே தூண்டுதலாகிவிடும். ஒரு கண்ணைப் பொத்தினால் மூளையில் தூண்டப்படும் பரப்பு சட்டென்று குறைகிறது.

சரி, தொலைக்காட்சி முன்னால் வந்த வலிப்பு? இப்போது அடைப்புக்குறிக்குள் போகலாம். இரண்டு இரவு மாத்திரைகள் தவறியிருக்கின்றன. விருந்தினர் இருந்ததால் தூக்கமும் குறைந்திருக்கும். நள்ளிரவு வரை விழித்திருந்திருக்கிறார். என் மேசைக்கு எதிரே இருந்து இதைச் சொல்லியிருந்தால், அதற்கு மேல் காரணம் தேட மாட்டேன். தவறிய மாத்திரையும் கெட்ட தூக்கமும் சேர்ந்தால் தழும்புள்ள மூளைக்கு வேறு தூண்டுதல் வேண்டாம். தொலைக்காட்சி அங்கே சாட்சியாக இருந்தது. குற்றத்தை அதன் தலையில் போட்டுவிட்டோம். இன்னொன்றும் யோசியுங்கள். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 6 மணி நேரம் தொலைக்காட்சி முன் இருப்பவருக்கு, பகல் வலிப்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தற்செயலாகவே அங்கேதான் வரும். இதற்கு முன் வந்த வலிப்புகள் எங்கே, எப்போது வந்தன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சாப்பிடும்போது, குளிக்கப் போகும்போது, தூக்கத்தில் என்று கலந்து இருந்தால் வெளிச்சத்தின் மீதான வழக்கு அங்கேயே தள்ளுபடி.

‘வலிப்பு வந்த நாளில் கூச்சம் அதிகம்’ என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டும். வலிப்பு நின்ற பிறகு பலருக்குத் தலைவலி வரும். அது ஒற்றைத் தலைவலி போலவே இருக்கும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. அன்று அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டது வலிப்பின் வாலாக இருக்கலாம். நீங்கள் அதைத் தலை என்று பிடித்துக்கொண்டீர்கள்.

ஓராண்டாக நடக்கும் கூச்சத்துக்கு மூன்றாவது ஆசாமியிடம், அதாவது கண்ணிடம் போக வேண்டும். நீங்கள் நிம்மதி என்று எழுதியதுதான் எனக்குத் துப்பு. எழுபது வயதுக்காரர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கத் தொடங்கினால் கண் இளமையாகிவிட்டது என்று பொருளில்லை. கண்புரையில் விழிவில்லையின் (கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின்) நடுப்பகுதி இறுகும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும். கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். கண்ணாடி அடிக்கடி மாறியதும் அதனால்தான். விளக்கைச் சுற்றி வளையம், எதிர் வண்டி வெளிச்சம் பொறுக்காமை எல்லாம் அதே கதையின் பக்கங்கள்.

இதில் ஒரு விநோதம் உண்டு. வயதாக ஆக விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் குறைகிறது. கண்ணின் துவாரம் சிறுத்துப் போகிறது, விழிவில்லை பழுக்கிறது. 20 வயதில் கிடைத்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் விழித்திரைக்குக் கிடைக்கிறது. பிறகு ஏன் கூசுகிறது? உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சமும் நேராக வராமல், அழுக்குப் படிந்த கண்ணாடியில் வெயில் பட்டாற்போல் நாலாபக்கமும் சிதறுவதால். ஆகவே முதியவருக்கு வெளிச்சம் அதிகமும் வேண்டும், ஆனால் அது கண்ணில் நேராக அடிக்கவும் கூடாது. கனத்த திரை இந்த இரண்டில் ஒன்றைத்தான் கவனிக்கிறது, அதுவும் தப்பாக.

கண்புரையோடு கண் வறட்சியும் சேர்ந்திருக்கலாம். வெகுநேரம் படிப்பவர்களும் திரை பார்ப்பவர்களும் இமைப்பதைக் குறைத்துவிடுவார்கள். கருவிழியின் மேற்பரப்பு காய்ந்து, கூச்சமும் உறுத்தலும், கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், கண்ணீர் வழிவதும் உண்டாகும். அலர்ஜி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் வறட்சியைக் கூட்டும். கண் மருத்துவர் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார்.

அன்றே ஓட வேண்டிய அறிகுறிகளும் இருக்கின்றன, இதில் தயக்கம் கூடாது. கூச்சத்தோடு கண் சிவந்து கடுமையாக வலித்தால். பார்வை சட்டென்று மங்கினால். விளக்கைச் சுற்றிய வளையத்தோடு தலைவலியும் வாந்தியும் வந்தால், கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். வலிப்புக்கோ தலைவலிக்கோ டோபிரமேட் மாத்திரை புதிதாகத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இப்படி ஆனால் மருந்தே காரணமாக இருக்கக்கூடும். மருந்து பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஐம்பது தாண்டியவருக்குப் புதிய தலைவலி, தலையைச் சீவினால் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வைக் குறைவு ஆகியவை சேர்ந்து வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் அழற்சி ஒன்று அப்படி வந்து பார்வையைப் பறித்துவிடும்.

வெளிச்சம் கூசுவது வேறு, இல்லாத வெளிச்சம் தெரிவது வேறு. அப்பா எப்போதாவது ‘கண்ணில் ஏதோ மின்னுகிறது’ என்றால் விவரமாகக் கேளுங்கள். வண்ண வண்ண வட்டங்கள் சில வினாடிகளோ ஒன்றிரண்டு நிமிடங்களோ தெரிந்து மறைந்தால் அது பின்மண்டையில் கிளம்பும் வலிப்பாக இருக்கலாம். கோணல்மாணலான ஒளிக்கோடு மெல்ல விரிந்து 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னோடி. இருட்டில் கண்ணோரத்தில் மின்னல் கீற்று, மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்தில் திரை விழுந்தாற்போல் மறைப்பு என்றால் விழித்திரை கிழிகிறதோ என்று அன்றே பார்க்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்க ஒரு விஷயம் எழுதித் தருகிறேன். கார்பமசிபைன் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் குறைக்கும். இரண்டும் ஒரே முதியவரின் உடம்பில் சந்திக்கும்போது சோடியம் கீழே இறங்கி, தள்ளாட்டம், குழப்பம், அப்புறம் வலிப்பையே கூட்டிவிடுவதும் நடக்கும். கடைசியாக எப்போது சோடியம் பார்த்தார்கள்? நினைவில்லை என்றால் இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கார்பமசிபைன் அளவு கூடினால் காட்சி இரண்டாகத் தெரியும், மங்கும். அதையும் சிலர் ‘கூசுகிறது’ என்றே சொல்வார்கள். எனவே மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். உறைவைத் தடுக்கும் சில மருந்துகளின் வேகத்தையும் கார்பமசிபைன் குறைத்துவிடும். அவர் எடுப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று அட்டைகளையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம்.

இப்போது திரைச்சீலைக்கு வருகிறேன். இருட்டு பாதுகாப்பு என்று நினைத்தீர்கள். உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பகலெல்லாம் மங்கலில் இருப்பவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். வலிப்பைத் தடுக்கப் போட்ட திரை சுற்றி வளைத்து வலிப்பிடமே கொண்டுபோய் விடுகிறது. கார்பமசிபைன் போன்ற மருந்துகள் வைட்டமின் டி-யை வேகமாகச் செலவழித்து எலும்பைச் சன்னமாக்கும். வெயிலும் படாவிட்டால் அது இன்னும் மோசமாகும். ஒரு பக்கக் கால் கொஞ்சம் தளர்ந்தவர், கறுப்புக் கண்ணாடி, இருண்ட நடை, உறைவைத் தடுக்கும் மாத்திரை. இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு வலிப்பைவிட அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் அதிகம். விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றினாலும், இந்த மாத்திரை எடுப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சாதாரண வெளிச்சமும் வெடித்தாற்போல் தெரியும்; நாளுக்கு நாள் கூச்சம் கூடும், கண்ணாடியும் கறுத்துக்கொண்டே போகும். ஒரே நாளில் கழற்றினால் தவிப்பார். ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் குறையுங்கள். கனத்த திரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி போதும். அது வெளிச்சத்தை நிறுத்தாது, பரப்பும். அவருடைய நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே போடாமல், ஜன்னல் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பிப் போடுங்கள். மூடி இல்லாத பல்புக்கு மூடி போடுங்கள். வெளியே போனால் விளிம்புள்ள தொப்பியும் சாம்பல் நிறக் கண்ணாடியும் தாராளமாகப் போடலாம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு அணையாமல் எரியட்டும்.

தொலைக்காட்சியையும் திருப்பித் தந்துவிடுங்கள். இப்போதைய தட்டைத் திரைகள் பழைய குழாய்ப் பெட்டிகளைப் போல் மினுக்குவதில்லை. அறை விளக்கு எரிய, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். நள்ளிரவு ஆட்டம் மட்டும் வேண்டாம்; மறுநாள் மறு ஒளிபரப்பு வரும். அவருக்குக் கோபம் வரும், தெரியும். மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா ஒன்று வாங்குங்கள், காலை, இரவு என்று அறை பிரித்தது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் இரவு அறை காலியாகிவிட்டதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்க நினைத்த எந்தக் கண்ணாடியையும்விட இந்த டப்பா அதிகம் வேலை செய்யும்.

நீலக் கண்ணாடி பற்றி. அது ஏமாற்று வேலையல்ல. 2006-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், மினுக்கத்துக்கு மூளை அலை மாறும் 610 பேருக்கு ஒரு குறிப்பிட்ட கோபால்ட் நீலக் கண்ணாடியைப் போட்டு மினுக்கினார்கள். சுமார் நான்கில் மூவருக்கு அந்த மாற்றம் அடியோடு மறைந்தது. ஆனால் அந்த 610 பேரும் சோதனையில் மாற்றம் உறுதியானவர்கள். அப்பா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று யாரும் காட்டவில்லை. கடையில் ‘நீல ஒளியைத் தடுக்கும்’ என்று விற்பது அதற்கு நேர் எதிரான பொருள். அது நீலத்தை வடிகட்டும், ஆய்வில் இருந்த கண்ணாடி நீலத்தைத்தான் உள்ளே விடும். ஒற்றைத் தலைவலிக் கூச்சத்துக்கு இளஞ்சிவப்புச் சாயமிட்ட கண்ணாடி ஒன்று உண்டு, அது வேறு நோய்க்கு வேறு கண்ணாடி. கண்புரைக்கு எந்த நிறமும் மருந்தாகாது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு மினுக்கும் சோதனையைப் பற்றிப் பயம் வேண்டாம். அநேகமாக முதல் முறை எடுத்த மூளையின் மின் அலைப் பதிவிலேயே (இ.இ.ஜி.) அதைச் செய்திருப்பார்கள். பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஒளித் தூண்டல் பற்றி ஒரு வரி இருக்கும். மாற்றம் இல்லை என்று இருந்தால் உங்கள் பாதிக் கவலை அங்கே தீர்ந்தது. மறுபடி செய்தாலும், முகத்துக்கு முன் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி விளக்கை வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் சில வினாடிகள் மினுக்குவார்கள். திரையில் அலை மாறத் தொடங்கியதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். வலிப்பு வரும் வரை காத்திருக்க மாட்டார்கள். சோதனைக்குப் போகும் நாளில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லாவிட்டால் வழக்கம்போலக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, கண்புரை அறுவை. தள்ளிப்போட்டதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு வருத்தம். அறுவை நுண்ணோக்கியின் விளக்கு பிரகாசமானதுதான், ஆனால் அது மினுக்குவதில்லை. நிலையாக எரியும் விளக்கு. வலிப்பு நோய் இருப்பதாலேயே யாருக்கும் இந்த அறுவையை மறுப்பதில்லை. அறுவை மருத்துவருக்கு இருக்கும் ஒரே கவலை, கண்ணுக்குள் கருவி இருக்கும்போது நோயாளி அசைந்துவிடக் கூடாதே என்பதுதான். எனவே கடைசி வலிப்பு எப்போது வந்தது, வருமுன் ஏதாவது அறிகுறி தெரியுமா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வலிப்பு கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்து நாள் குறிக்கச் சொல்வார்கள். அன்று காலை வெறும் வயிறாக இருக்கச் சொன்னாலும், வலிப்பு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாமா என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அறுவைக்குப் பின் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், கூச்சம் முன்பைவிட அதிகமாகவே இருக்கும். பழுத்த விழிவில்லை போய்த் தெளிந்த வில்லை வந்திருப்பதால் நீலம் நீலமாகத் தெரியும், வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்குப் பழக அவகாசம் வேண்டும். அப்போது மறுபடி திரை போட்டுவிடாதீர்கள். கூச்சம் நாளுக்கு நாள் குறைந்தால் சரி. குறையாமல், வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கிக்கொண்டே போனால் அன்றைக்கே அறுவை செய்தவரிடம் போங்கள். மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.